மீதிக் கதையை யார் சொல்வது?



கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் பெரியம்மா, கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை போட்டு நான் பார்த்ததில்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் டி.வி.யைப் போடுவார். அவர் பார்க்கும் சீரியலின் டைட்டில் பாட்டு வந்தால் பி.பி. மாத்திரை. அது முடிந்து அடுத்த சீரியலின் பாட்டு வந்தால் அடுப்பில் தோசைக்கல் ஏறும். பெரியப்பா காலமான பிறகு வருஷக்கணக்கில் அந்த வீடு இப்படித்தான் ஓடியது.

ஒருநாள் அந்த சீரியல் வரவில்லை. மறுநாளும் இல்லை. அந்த நேரத்தில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா கேபிள்காரத் தம்பிக்கு போன் போட்டு, "உன் லைன்ல ஏதோ கோளாறுப்பா, வந்து பாரு" என்றிருக்கிறார். அந்தப் பையனும் வந்து பார்த்துவிட்டு, "லைன் நல்லாத்தான் இருக்கு பாட்டி. சீரியலைத்தான் நிறுத்திட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அன்று ராத்திரி எனக்கு போன். "நீ பத்திரிகையிலதானே இருக்கே? அந்தப் பொண்ணு கடைசியில வீட்டுக்குத் திரும்பி வந்தாளா, இல்லையான்னு கேட்டுச் சொல்லேன்."

எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அவருக்கு பி.பி. ஏறியிருந்தது. பல நாள் மாத்திரை போட மறந்திருக்கிறார். பாட்டு வந்தால்தானே மாத்திரை ஞாபகம் வரும்?

வீட்டில் இதைச் சொன்னபோது சின்னவர்கள் சிரித்தார்கள். "ஒரு சீரியலுக்கா இவ்வளவு?" என்றார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பெரியம்மாவிடம் இருந்து போனது அரை மணி நேரக் கதை மட்டும் இல்லை. மறுநாள் காலையில் மதில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பக்கத்து வீட்டு மாமியும் அவரும் பேசிக்கொள்ள ஒரு விஷயம் இருந்தது. அதுவும் சேர்ந்துதான் போனது. கத்திரிக்காய் விலையையும் முழங்கால் வலியையும் எத்தனை நாள்தான் பேசுவார்கள்?

ஒரு தொடர் திடீரென்று நிற்கும்போது நமக்கு வரும் கடிதங்களை நான் ஒன்றுவிடாமல் படிப்பேன். கோபமாக எழுதுபவர்கள் உண்டு. ஆனால், பெரும்பாலான கடிதங்களில் இருப்பது பெரியம்மாவின் கேள்விதான். அப்புறம் என்ன ஆச்சு?

2020-ஐ, அந்தக் கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச் 19 முதல் சினிமா, டி.வி. படப்பிடிப்பு எல்லாவற்றையும் நிறுத்துவதாக பெப்சி தொழிலாளர் சம்மேளனம் அறிவித்தது. கையிருப்பில் இருந்த எபிசோடுகள் தீர்ந்தன. பிறகு பழைய தொடர்கள் வந்தன. மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' மறுபடி வந்தது. சன் டி.வி.யில் 'மெட்டி ஒலி' வந்தது. முதல் தடவை வந்தபோது பிறந்தே இராத பேத்திகள், பாட்டியோடு உட்கார்ந்து அந்த ஐந்து பெண்களின் கதையைப் பார்த்தார்கள். வாசலுக்கு வெளியே பயம் நின்றிருந்த நாட்களில் அது எத்தனை வீடுகளுக்கு ஆறுதலாக இருந்தது!

மே மாதம் சின்னத்திரை படப்பிடிப்புக்கு அரசு அனுமதி கொடுத்தது. முதலில் 20 பேர்தான் இருக்கலாம் என்றார்கள். ஒரு கல்யாண சீனில் சும்மா நிற்பதற்கே 20 பேர் வேண்டுமே! முறையிட்ட பிறகு அது 60 ஆனது. ஜூன் 19-இல் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு வந்து எல்லாம் நின்றது. பெங்களூரிலும் கேரளாவிலும் இருந்த நடிகைகள் வந்து சேர முடியவில்லை. "இவருக்குப் பதில் இவர்" என்ற வரியை அந்த சமயத்தில் பார்த்ததுபோல நாம் எப்போதும் பார்த்ததில்லை.

ஜூலை கடைசியில்தான் புது எபிசோடுகள் வரத் தொடங்கின. ஆனால், எல்லாத் தொடர்களும் வரவில்லை. சன் டி.வி.யில் 'அழகு', 'தமிழ்ச்செல்வி', 'கல்யாணப் பரிசு', 'சாக்லேட்' ஆகியவை பாதியிலேயே நின்றுபோயின. 'அழகு' 2017 நவம்பரில் ஆரம்பித்தது. ரேவதி அழகம்மையாகவும், தலைவாசல் விஜய் பழனிசாமியாகவும் நடித்தார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேல், வாரத்துக்கு ஐந்தாறு நாள் நம் கூடத்துக்கு வந்துபோன குடும்பம் அது. ஊரடங்குக்கு முன்னால் விட்ட இடத்திலேயே கதை நின்றுவிட்டது.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நோய் வந்த காலம். விளம்பரம் இல்லை, செலவு கூடிப்போனது, நடிகர்கள் வர வழியில்லை. தொடர் நின்றால் முதலில் அடிபடுவது லைட்மேனும், மேக்கப் உதவியாளரும், புரொடக்‌ஷனில் டீ கொடுக்கும் தம்பியும்தான். தினக்கூலி வாங்குகிற அவர்களுக்கு நின்றது சம்பளம். நம்முடைய வருத்தத்தை அதோடு ஒப்பிடவே முடியாது.

எல்லா சீரியலும் நல்ல சீரியல் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆறு மாதத்தில் முடிய வேண்டிய கதையை ஆறு வருஷம் இழுப்பதையும், பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று திரும்பத் திரும்பக் காட்டுவதையும் இந்தப் பக்கத்திலேயே நான் கண்டித்து எழுதியிருக்கிறேன். இனியும் எழுதுவேன்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் யாரையும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்ப விடமாட்டோம். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று சின்னக் குழந்தையைக்கூடத் திருத்துவோம். வழக்கமாக வரும் பூக்காரம்மா நாளைக்கு வரமாட்டார் என்றால், "நாளைக்கு வேண்டாம்மா, ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். இரண்டு வருஷம் தினமும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஒரு குடும்பம் மட்டும் சொல்லாமல் போகலாமா?

ஒரு தொடர் நீடிப்பதும் நிற்பதும் எப்படி முடிவாகிறது? பெரும்பாலும் வாரா வாரம் வரும் ரேட்டிங்கை வைத்துத்தான். 2015 முதல் பார்க் என்ற அமைப்பு இந்தக் கணக்கை எடுக்கிறது. நாடு முழுவதும் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்து, அதிலிருந்து மொத்தக் கணக்கையும் போடுகிறார்கள். உங்கள் வீட்டிலோ என் வீட்டிலோ அந்த மீட்டர் இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. கணக்கெடுப்பு முறை தவறு என்று சொல்லவில்லை, மாதிரி எடுத்துத்தான் கணக்கிட முடியும். ஆனால், பெரியம்மா ஒருநாளும் தவறாமல் பார்த்தார் என்பதும், பார்த்துவிட்டு மாத்திரை போட்டார் என்பதும் அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் இல்லை.

சேனலின் நிலைமையும் புரிகிறது. ஏழரை மணி என்பது அவர்களுக்குப் பொன் போன்ற நேரம். அதில் ஒரு தொடர் சறுக்கினால், அதற்கு அடுத்து வரும் தொடரையும் அது சேர்த்து இழுத்துவிடும். அதனால் மாற்றுகிறார்கள். மாற்றட்டும். மாற்றும் உரிமை அவர்களுடையது.

நிகழ்ச்சியில் ஆபாசமோ வன்முறையோ இருந்தால் புகார் சொல்ல, 2011-இலேயே ஒளிபரப்பாளர்கள் ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். திரைக்கு அடியில் அந்த அறிவிப்பு ஓடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால், "கதையைப் பாதியில் விட்டுவிட்டார்கள்" என்று எந்தக் குழுவிடம் போய்ச் சொல்வது?

பார்ப்பவர்கள் கேட்டு, கேட்டது கிடைத்த கதையும் நம் நாட்டில் உண்டு. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலம். 1987 ஜனவரியில் தொடங்கிய 'ராமாயணம்', முதலில் 52 வாரம் என்றுதான் திட்டமிடப்பட்டது. வரவேற்பைப் பார்த்து 78 வாரமாக நீட்டினார்கள். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாத நம் ஊர்த் தெருக்களும் ஞாயிறு காலையில் அடங்கிக் கிடந்ததை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். 1988 ஜூலையில் பட்டாபிஷேகத்தோடு கதை முடிந்தது.

அப்போது பஞ்சாபின் ஜலந்தரில் தூய்மைப் பணியாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் குலகுருவாக வணங்கும் மக்கள் அவர்கள். சீதைக்கு அடைக்கலம் கொடுத்ததும், லவனையும் குசனையும் வளர்த்ததும் வால்மீகிதானே? அந்தப் பகுதியைக் காட்டாமல் எப்படி முடிக்கலாம் என்று கேட்டார்கள். வேறு சில வடமாநில ஊர்களுக்கும் போராட்டம் பரவியது. கடைசியில் உத்தர காண்டம் எடுக்கப்பட்டு, அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அவர்கள் கேட்டது பொழுதுபோக்கை அல்ல. "எங்கள் பெரியவர் வரும் இடத்தை விட்டுவிட்டீர்களே" என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்கு மதிப்பு கிடைத்தது என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமான விஷயம்.

நம் தமிழ்ப் பத்திரிகை உலகத்திலும் இதற்கு ஒரு நல்ல மரபு இருக்கிறது. கல்கி 1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை 1954-இல் முடிந்தபோது, வாசகர்களுக்கு மனசு ஆறவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார், சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று எழுதிக் கேட்டார்கள். கல்கி என்ன செய்தார்? "முடிந்தது முடிந்ததுதான்" என்று இருந்துவிடவில்லை. தனியாக ஒரு முடிவுரை எழுதினார். வாசகர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டு, கதை மாந்தர்களுக்கு அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். கதையை ஏன் அந்த இடத்தில் நிறுத்தினேன் என்றும் விளக்கினார்.

அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமானபோது, 'அமரதாரா' என்ற தொடர்கதை பாதியில் இருந்தது. அதைவிட நியாயமான காரணம் ஒரு தொடர் நிற்பதற்கு இருக்க முடியுமா? இருந்தும் அவர் மகள் ஆனந்தி, அப்பா எழுதி வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு அதை முடித்துக் கொடுத்தார். அப்பாவை இழந்த துக்கத்திலும், காத்திருந்த வாசகர்களை அந்தப் பெண் மறக்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

நம் காலத்திலும் நல்ல முயற்சி இல்லாமல் இல்லை. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே உடல்நலம் குன்றி இறந்துபோனார். சொந்த வீட்டில் ஒருவரை இழந்ததுபோல ஜனங்கள் அழுதார்கள். வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்று, தொடர் மேலும் சில மாதங்கள் ஓடி, 2024 ஜூனில் முடிந்தது. ஏன் அதற்குள் முடித்தீர்கள் என்று எத்தனை பேர் கேட்டார்கள்! அந்த டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று இயக்குநர் திருச்செல்வம் திரும்ப வந்தார். முதல் பாகமா, இரண்டாம் பாகமா, எது நன்றாக இருக்கிறது என்ற வாதம் இருக்கட்டும். அந்த நான்கு மருமகள்களுக்கு என்ன ஆகும் என்று தவித்தவர்களுக்கு ஒரு வழி கிடைத்ததே!

அதனால் சேனல்காரர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் ஒரு சிறிய வேண்டுகோள். ஒரு தொடரை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரே ஒரு எபிசோடில் கதையை முடித்துவிடுங்கள். படப்பிடிப்புக்கே வழியில்லையா? அந்தக் கதாநாயகியே கேமரா முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இந்தக் கதை இப்படித்தான் முடியவிருந்தது, இவ்வளவு நாள் பார்த்ததற்கு நன்றி" என்று பத்து நிமிஷம் பேசினால் போதும். அதற்கு செட் வேண்டாம், 60 பேர் வேண்டாம்.

வீட்டில் இருக்கும் சின்னவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அம்மாவோ மாமியாரோ "என் சீரியல் நின்னுடுச்சுடா" என்று சொன்னால், "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த வெப் சீரிஸின் அடுத்த சீசன் வராது என்று தெரிந்த அன்று உங்களுக்கு எப்படி இருந்தது? அவர்கள் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அந்தக் கதையை ஆரம்பத்தில் இருந்து சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் எந்தப் பெண்ணுக்காகக் கவலைப்பட்டார்கள் என்று கேட்டால், அவர்களைப் பற்றியே உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று தெரியவரும். எனக்குத் தெரிந்தது. வீட்டை விட்டுப் போன அந்தப் பெண்ணைப் பற்றிப் பெரியம்மா சொல்லிக்கொண்டே வந்தவர், எங்கள் பாட்டி காலத்தில் ஊரை விட்டுப் போய்த் திரும்பியே வராத தன் அக்காவைப் பற்றி முதல் முறையாக என்னிடம் பேசினார்.

நம் பங்குக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா? அடுத்த இதழ் முதல் நம் பத்திரிகையில் இரண்டு பக்கங்களை ஒதுக்கி வைக்கிறேன். பாதியில் நின்ற எந்தத் தொடரின் கதாசிரியரோ இயக்குநரோ மீதிக் கதையை எங்களுக்கு எழுதி அனுப்பலாம். எந்த சேனல் என்று பார்க்க மாட்டோம். எழுத நேரமில்லை என்றால் ஒரு போன் போதும், நாங்களே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

எந்தத் தொடரின் முடிவு உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். பெரியம்மாவின் கார்டு ஏற்கெனவே என் மேஜைக்கு வந்துவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்