விலாசம் யாருக்காக?

அயல்நாட்டில் ஒரு நிறுமம் தொடங்குவது இன்று அரிய செயல் அன்று. இங்கிலாந்தில் நிறுமத்தைப் பதிவு செய்பவர் அந்நாட்டில் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதினாறு வயது நிறைந்த ஒருவர் இயக்குநராக இருந்தால் போதும். அவர் மதுரையில் இருக்கலாம், மணிலாவிலும் இருக்கலாம். ஆனால் நிறுமத்தின் பதிவு அலுவலகம் மட்டும் அது பதிவான பகுதிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இங்கிலாந்து, வேல்சுப் பகுதியில் பதிந்த நிறுமத்திற்கு எடின்பரோ முகவரி செல்லாது. ஸ்காட்லாந்தில் பதிந்ததற்கு இலண்டன் முகவரி செல்லாது. ஆகவே அங்கு வீடோ கடையோ இல்லாதவர் முதற்கண் தேடி அலைவது ஒரு முகவரிக்காகத்தான். அப்படித் தேடும்போது, 'எது மலிவு?' என்று கேட்கிறார். அடுத்து, 'எது பெருமையான தெரு?' என்று கேட்கிறார். இவ்விரண்டும் பொருந்தாத கேள்விகள் என்பது என் கருத்து. பதிவு அலுவலகம் என்ற ஏற்பாடு, நிறுமத்தைத் தேடி வருகிறவனுக்காகவே செய்யப்பட்டது.

சாலமன் வழக்கை வணிகவியல் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இலண்டன் வைட்சாப்பலில் காலணி செய்து விற்றுவந்த ஒருவர், தம் தொழிலைத் தாமே அமைத்த நிறுமத்திற்கு விற்றார். நிறுமம் நொடித்தது. கடன் கொடுத்தவர்களின் பொருட்டு அவரையே பொறுப்பாக்க முயன்றனர். 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை, நிறுமம் வேறு, அதை அமைத்தவர் வேறு என்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பை நாம் வகுப்பில் எப்போதும் முதலாளியின் பக்கம் நின்றே படிக்கிறோம். கடன் கொடுத்தவன் பக்கம் நின்றும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். முதலாளியின் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமை அவனிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அவனுக்கு எஞ்சிய கதவு பதிவு அலுவலகத்தின் கதவுதான். அதன் பின்னால் ஆள் இல்லையென்றால், வரையறுத்த பொறுப்பு என்னும் சலுகையை அந்நிறுமம் விலை கொடுக்காமலே வாங்கிக் கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த முகவரிக்கு என்னென்ன வரும்? வரித்துறைக் கடிதம் வரும். பதிவாளரின் நினைவூட்டல் வரும். நீதிமன்றத்தின் கோரிக்கைப் படிவமும் அங்கே வரக்கூடும். இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு நிறுமச் சட்டப்படி, ஓர் ஆவணத்தைப் பதிவு அலுவலகத்தில் விட்டுச் சென்றாலும், அங்கு அஞ்சலில் அனுப்பினாலும் அது நிறுமத்திடம் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். உறையை யாராவது பிரித்தார்களா என்று சட்டம் கேட்பதில்லை. கோரிக்கையின் விவரம் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எவ்வித மறுமொழியும் செல்லாவிட்டால், எதிர்த்தரப்பு ஒருதலைத் தீர்ப்புக் கேட்கலாம். இதனினும் கடுமையானது 1986-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு. 750 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் நிறுமத்தின் பதிவு அலுவலகத்தில், உரிய படிவத்தில் எழுதிய கோரிக்கையைச் சேர்ப்பித்துவிட்டு மூன்று வாரம் பொறுத்திருந்தால் போதும். பணம் வராவிட்டால் அந்நிறுமம் கடன் தீர்க்க இயலாதது என்று கருதப்படும். அதைக் கலைக்க மனுச் செய்வதற்கு அதுவே அடிப்படையாகும். அந்த மூன்று வாரமும் கோரிக்கைத் தாள் ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் கிடந்திருக்கலாம். மலிவு விலைக்கு முகவரி வாங்கியவரோ ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருப்பார்.

இத்தனை பொறுப்பைச் சுமக்கும் முகவரியை அந்நாட்டில் நெடுங்காலம் யாரும் சரிபார்க்கவில்லை என்பதுதான் வியப்பு. இணையவழியில் 12 பவுண்டு கட்டி விண்ணப்பித்தால் போதும். எழுதிக் கொடுத்த முகவரி அப்படியே பதிவேட்டில் ஏறியது. பதிவாளரின் வேலை வாங்கி வைப்பதாக இருந்ததே தவிர, கேட்டு அறிவதாக இருக்கவில்லை. மருத்துவர்களுக்குப் பெயர் பெற்றது இலண்டன் ஹார்லி தெரு. அதன் 29-ஆம் எண் கட்டடத்தில் 2,159 நிறுமங்கள் பதிவாகியிருந்ததைக் கார்டியன் நாளேடு 2016-இல் வெளியிட்டது. கேமன் தீவுகளில் ஐந்து மாடியே உள்ள அக்லண்ட் இல்லத்தை முகவரியாகக் கொண்டவை 18,857 என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2008-இல் எண்ணிச் சொன்னதோடு ஒப்பிட்டால், ஹார்லி தெரு ஒரு குடிசைத் தொழில்தான்! 2022-இன் இறுதியில் கார்டிஃப் நகரவாசி ஒருவரின் வீட்டுக்குக் கட்டுக்கட்டாக வரிக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஏறத்தாழ 11,000 சீன நிறுமங்கள் மதிப்புக் கூட்டு வரிப் பதிவுக்காக அவருடைய முகவரியைக் கொடுத்திருந்தன. இது நேர்ந்தது வரிப் பதிவேட்டில். நிறுமப் பதிவேட்டில் அன்று. எனினும் இரண்டிலும் நோய் ஒன்றே. யாருடைய முகவரியையும் யாரும் எழுதிக் கொடுக்கலாம் என்ற நிலையில், நேர்மையான மனிதன் தன் வீட்டு வாசலில் பிறர் கடனைப் பெருக்கித் தள்ள வேண்டியதாயிற்று.

பொருளியல் குற்றங்களையும் நிறுமங்களின் வெளிப்படைத் தன்மையையும் பற்றி 2023-இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு ஒரு முடிவு கட்ட முனைந்தது. 2024 மார்ச் 4 முதல் பதிவு அலுவலகம் 'உரிய முகவரி'யாக இருக்க வேண்டும். எது உரிய முகவரி? அங்கே நேரில் கொடுத்தோ அஞ்சலில் அனுப்பியோ சேர்ப்பிக்கும் ஆவணம், நிறுமத்தின் சார்பில் செயல்படும் ஒருவருடைய கவனத்துக்கு வரும் என்று எதிர்பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும். சேர்ந்ததற்கு ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்யவும் இயல வேண்டும். அஞ்சல் பெட்டி எண் கூடாது. இந்த வரையறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கட்டடத்தின் உயரத்தையோ வாடகைப் பத்திரத்தையோ இது பேசவில்லை. ஒரு மனிதன் வாங்கிக் கையொப்பமிடுவானா என்று மட்டுமே கேட்கிறது. நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தகவல்களைப் பெறவும் பெற்றதற்கு ஒப்புதல் தரவும் வல்லதாகப் பதிவு அலுவலகம் இருக்க வேண்டும் என்று முன்னரே சொல்லிவிட்டது. நமக்கு நிறுமச் சட்டம் கற்றுக் கொடுத்த நாடு, பத்தாண்டு கழித்து அதே கருத்துக்கு வந்து சேர்ந்ததில் நாம் சிறிது பெருமை கொள்ளலாம்.

முகவரி உரியதன்று என்று கண்டால், பதிவாளர் தாமே அதை மாற்றித் தம் கார்டிஃப் முகவரிக்குக் கொண்டுபோய் விடுவார். 28 நாட்களுக்குள் நல்ல முகவரியைச் சான்றுடன் காட்டாவிட்டால் நிறுமத்தின் பெயரையே பதிவேட்டிலிருந்து அடிக்கும் நடவடிக்கை தொடங்கும். பிறருக்கு அஞ்சல் பெட்டி ஆகாது என்ற பதிவாளர், அப்படிக் கொண்டுபோய் வைக்கும் முகவரியே ஓர் அஞ்சல் பெட்டிதான் என்பது வேடிக்கை. பதிவுக் கட்டணமும் 2024 மே முதல் நாளில் 12-லிருந்து 50 பவுண்டாக உயர்ந்தது. 12 பவுண்டுக்குக் காவல் காக்க யாரால் முடியும்? ஆகையால் இந்த உயர்வை நான் குறை கூற மாட்டேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமானதும் கூட. தையல் இயந்திரத்தையோ கணிப்பொறியையோ வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் ஒரு பெண், தன் வீட்டு முகவரியை உலகம் பார்க்கும் பதிவேட்டில் ஏன் எழுத வேண்டும்? வாடகை வீடாயின் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் தொழிலுக்கே தடை இருக்கக் கூடும். இத்தகையோர் முகவர் ஒருவரின் முகவரியை வாங்கத்தான் வேண்டும். பலர் ஒரே முகவரியில் இருப்பதே குற்றம் என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. இதற்கு நம்மவர் வரலாற்றிலேயே சான்று உண்டு. நகரத்தார் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்களில், ஒரே கிட்டங்கியில் பல தொழில்கள் நடந்தன. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய ஏஜண்டு அங்கே இருப்பார். தொழிலின் முன்னெழுத்துக்களையே அவர்கள் விலாசம் என்றார்கள். ஒரு கூடத்தில் பல விலாசங்கள்; ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு பெட்டியடி; பெட்டியடியில் ஓர் ஆள். கடன் வாங்க வந்தவனும், கணக்குக் கேட்க வந்தவனும் அந்த ஆளைக் கண்டு பேச முடிந்தது. ஹார்லி தெருவில் இல்லாமற் போனது அந்தப் பெட்டியடிதான்.

ஆகவே முகவரி விற்பவரிடம் கேட்க வேண்டியவை வேறு. அஞ்சல்காரர் கொண்டுவரும் பதிவுத் தபாலுக்கு அங்கே கையொப்பமிடுவது யார்? வந்த நாளிலேயே எனக்குத் தெரிவிப்பாரா, மாதம் ஒருமுறை மூட்டை கட்டி அனுப்புவாரா? சில இடங்களில் அரசுக் கடிதங்களை மட்டும் அனுப்பிவிட்டு, மற்றவற்றுக்குத் தனிக்கட்டணம் கேட்கிறார்கள். கடன் கொடுத்தவனின் கோரிக்கை அந்த 'மற்றவற்றில்' சேருமா? ஆண்டுச் சந்தா கட்டத் தவறினால் மறுநாள் வரும் உறை எங்கே போகும்? முகவரி விற்பவர் 2017-ஆம் ஆண்டுக் கறுப்புப் பண விதிகளின்கீழ் மேற்பார்வைக்கு உட்பட்டவரா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மிடம் அடையாளச் சான்று கேட்காமலே முகவரி தருகிறவரை நான் நம்ப மாட்டேன். அவர் பக்கத்து மேசையில் யார் யாரை வைத்திருக்கிறார் என்பது அவருக்கே தெரிந்திராது.

நேரில் போய்ப் பார்க்க முடிந்தவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. பதிவு அலுவலகத்தில் நிறுமத்தின் பெயர் காணப்பட வேண்டும் என்பது அங்குள்ள விதி. தொடங்கிய நாள் முதல் இயங்காமலே கிடக்கும் நிறுமத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட நிறுமங்கள் ஓரிடத்தைப் பகிர்ந்து கொண்டால், ஒவ்வொன்றின் பெயரும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறையேனும் 15 நொடி தொடர்ந்து தெரிய வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஒரு திரையில் மூன்று நிமிடத்துக்குப் 12 பெயர் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஹார்லி தெருவின் 2,159 நிறுமங்களும் இயங்குவனவாக இருந்திருந்தால் 180 திரைகள் வேண்டும்! சட்டம் இதற்கு எளிய மாற்று வழி ஒன்றும் வைத்திருக்கிறது: வருகிறவர் கேட்டால் காட்டும்படி பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருந்தாலும் போதும். முதல் ஆண்டுச் சந்தாவைக் கட்டுமுன், இலண்டனில் இருக்கும் நண்பர் ஒருவரை அனுப்பி அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.