போனவர் ஒருத்தர்... நிக்கிற கார் நூறு!

பாஸ், ஒரு கேள்வி. கடைசியா எப்போ ஒரு அம்பாசிடர் கார் ஓடிப் பார்த்தீங்க?

யோசிக்கிறீங்கல்ல? எங்க மேல்மலையனூர்ல அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சலுக்கு செஞ்சி ரோடு முழுக்க வண்டி வரிசை கட்டும். வேன், பஸ், டாடா ஏஸ்னு எல்லாம் இருக்கும். அம்பாசிடரைத்தான் டார்ச் அடிச்சுத் தேடணும். 2014-ல் உத்தர்பாரா ஃபேக்டரியில் உற்பத்தி நின்னதோட அந்தக் கதை முடிஞ்சது.

அம்பாசிடருக்கே இந்த கதின்னா, அதுக்கும் முந்தின ரோல்ஸ்ராய்ஸ், டெய்ம்லர், பக்கார்டு எல்லாம் எப்படி நம்ம நாட்டுல மிச்சம் இருக்கு? சில பேர் பிடிவாதமா பிடிச்சு வெச்சதாலதான். அதுல ஒரு பெரிய பேர், பிரான்லால் போகிலால். மும்பைத் தொழிலதிபர். 'விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா'வின் தலைவரா இருந்தவர். 2011-ல் காலமானார்.

அவர் என்ன செஞ்சார்? கொஞ்சம் ஹிஸ்டரி கிளாஸ் போயிட்டு வரலாம், தூங்கிடாதீங்க. 1971-ல் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து மன்னர் மானியம் ரத்தாச்சு. 1973-ல் பெட்ரோல் விலை உலகம் முழுக்க எகிறிச்சு. அரண்மனை ஷெட்ல நின்ன கார்கள் திடீர்னு பாரமாச்சு. சிலது வெளிநாட்டுக்காரங்க கைக்குப் போச்சு. சிலது பழைய இரும்புக் கடைக்கே போச்சு. போகிலால் அந்த மாதிரி வண்டிகளைத் தேடித் தேடி வாங்கினார். அகமதாபாத் பக்கத்துல கத்வாடாவில் தன்னோட 'தஸ்தான்' எஸ்டேட்டில் நூறுக்கும் மேல சேர்த்தார். குதிரை வண்டிகளும் உண்டு. 'ஆட்டோ வேர்ல்டு'ன்னு அதை மியூசியமாக்கி, டிக்கெட் வாங்கினா யார் வேணா பார்க்கலாம்னு திறந்துவிட்டதுதான் ஹைலைட்!

"அட, காசு இருக்கிறவன் பொழுதுபோக்குப்பா இது"ன்னு கடைசி பெஞ்ச்ல ஒரு குரல் கேக்குது. காசு அவரோடதுதான், ஒத்துக்கறேன். ஆனா வண்டி காசுல மட்டும் ஓடாதே!

பழைய கார்ல சிங்க்ரோமெஷ் இல்லாத கியர்பாக்ஸ் இருக்கும். கியர் மாத்த கிளட்சை ரெண்டு தடவை மிதிக்கணும். இல்லேன்னா 'கர்ர்ர்'னு பல்லு கத்தும். தேய்ஞ்சுபோன புஷ் எந்தக் கடையிலும் கிடைக்காது. லேத்ல கடைஞ்சுதான் எடுக்கணும். கேஸ்கெட்டை கையால வெட்டணும். இப்போ பெட்ரோல்ல 20 சதவிகிதம் வரைக்கும் எத்தனால். அது அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், சீல் எல்லாத்தையும் பதம் பார்க்கும். இதுக்குத்தான் கிளப். ஒருத்தர்கிட்ட மேனுவல் இருக்கும், இன்னொருத்தர்கிட்ட கார்புரேட்டர் இருக்கும், மூணாவது ஆளுக்கு நல்ல மெக்கானிக்கைத் தெரிஞ்சிருக்கும். கிளப்ல ஒரு சீனியர் போனா, ஒரு லைப்ரரியே பூட்டின மாதிரி. அவர் வண்டிக்கு அடியில படுத்த மெக்கானிக் அண்ணன் போனா? அது இன்னும் பெரிய நஷ்டம். ஏன்னா கோப்பையில அவர் பேர் இருக்காது.

சட்டமும் இப்போ கொஞ்சம் கைகொடுக்குது. 2021 ஜூலையில் மத்திய அரசு போட்ட விதிப்படி, முதல் பதிவுக்கு அப்புறம் 50 வருஷம் தாண்டின, பெரிசா மாத்தாத டூவீலரும் காரும் 'விண்டேஜ்'. நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சின்னு போகலாம். தினமும் காலேஜுக்கு ஓட்டி சீன் போட முடியாது, ஸாரி!

இந்தக் கணக்குல 1961-ல் வண்டலூர்ல பொறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம ஊர் விண்டேஜ். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் ராலி நடத்துறப்ப போனீங்கன்னா பழைய வண்டிகளை ஓடவே பார்க்கலாம். கோவை அவினாசி ரோட்டுல 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியமும் இருக்கு.

போகிலாலோட கார்கள் அவருக்கு அப்புறமும் நிக்குது. நின்னா போதுமா, ஓடணுமே! அதுக்கு ஆள் வேணும். மெக்கானிக்கல் படிக்கிற நாம, சாலிட்வொர்க்ஸ்ல கியர் வரைவோம். அதே கியர் கையில சூடா இருக்கிறப்ப என்ன சத்தம் போடும்னு தெரியாது. உங்க தெருவுலயும் பத்மினியும் மார்க் ஃபோரும் பிரிச்சுப்போட்ட ஒரு மெக்கானிக் மாமா இருப்பார். இந்த சண்டே அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க. "டைமிங் எப்படி மாமா வெப்பீங்க?"ன்னு கேளுங்க. செல்போன்ல ரெக்கார்டு பண்ணுங்க.

இரங்கல் கூட்டத்துல பேசறதைவிட, இருக்கிறப்பவே கேட்டுக்கறது மேல், இல்லையா?