கொல்வது கையா, கருவியா?

"துப்பாக்கி எவரையும் கொல்வதில்லை, மனிதனே மனிதனைக் கொல்கிறான்!"

அமெரிக்க நாட்டிலே, துப்பாக்கி உரிமை பேசுவோர் நெடுநாளாக எழுப்பிவரும் முழக்கம் இது. கேட்கும்போது உண்மைபோலவே ஒலிக்கிறது. விசையை இழுக்க விரல் வேண்டும்; விரலை அசைக்க வெறி வேண்டும். மறுப்பார் யார்? ஆனால் தோழர்களே, பொய்யைக் காக்கப் பாதி உண்மையைப் போன்ற கவசம் வேறில்லை!

கணக்கை முதலில் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அந்நாட்டுப் பொதுமக்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் 39 கோடிக்கும் மேல். 100 பேருக்கு 120! தலைகளைவிடத் துப்பாக்கிகள் அதிகம்! 2021-இல் மட்டும் துப்பாக்கியால் மாண்டோர் 48,000-க்கும் மேல். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மையே சுட்டுக்கொண்டு மடிந்தவர்கள். 20,000-க்கும் மேற்பட்டோர் பிறரால் கொல்லப்பட்டவர்கள். 1791-இல் குடிப்படையைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட அரசியல் சட்டத் திருத்தம், தனிமனிதன் தற்காப்புக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது என்று 2008-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதரித்த நீதிபதிகள் 5 பேர். மறுத்தோர் 4 பேர்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1991-இல் 1 லட்சம் பேருக்கு 9.8 என்றிருந்த கொலை விகிதம், 2014-இல் அதில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. அந்த ஆண்டுகளிலே துப்பாக்கிகள் குறைந்தனவா? இல்லை, பெருகின! 2020-இல் கொலைகள் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தன. பின்னர், துப்பாக்கிகளைப் பறிக்காமலேயே, மீண்டும் சரிந்தன. ஆகவே, துப்பாக்கிகளின் எண்ணிக்கை ஒன்றே கொலைக்குக் காரணம் என்று நம்மில் எவரேனும் மேடையேறிச் சொன்னால், மடக்கப்படுவது உறுதி.

அப்படியானால் கருவி குற்றமற்றதா? அதுதான் இல்லை!

பிராங்க்ளின் சிம்ரிங் என்ற அறிஞர், சிக்காகோ நகரத்துத் தாக்குதல்களை ஆராய்ந்து 1968-இல் ஒரு முடிவை வெளியிட்டார். கத்தியால் குத்தியவனும் துப்பாக்கியால் சுட்டவனும் பெரும்பாலும் ஒரே வகையான சச்சரவிலே இறங்கியவர்கள். சினமும் ஒன்றே, சூழலும் ஒன்றே. ஆயினும், துப்பாக்கித் தாக்குதல் கத்தித் தாக்குதலைப்போல் ஏறத்தாழ 5 மடங்கு உயிர் குடித்தது! 1997-இல் கார்டன் ஹாக்கின்சுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல், லண்டனையும் நியூயார்க்கையும் ஒப்பிட்டது. திருட்டும் வீடு புகுந்து களவாடுவதும் இரு நகரங்களுக்கும் பொது. களவின்போதும் வழிப்பறியின்போதும் பறிபோன உயிர்களோ நியூயார்க்கில் பன்மடங்கு. லண்டன் திருடன் புத்தனா? இல்லை, அவன் இடுப்பிலே துப்பாக்கி இல்லை, அவ்வளவே!

சண்டையை மூட்டுவது மனிதன். சண்டையைச் சாவாக்குவது கருவி. இவ்விரண்டையும் பிரித்தறியாத வாதம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வீண்வாதமே.

சண்டை மூள்வது ஏன் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். மக்கள்தொகையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரான கறுப்பின மக்கள், 2021-இல் கொலையுண்டோரில் பாதிக்கும் மேல்! பிறவிக் குணம் என்பான் நிறவெறியன். வரலாறு வேறு சொல்கிறது. 1930-களில் கூட்டரசின் அமைப்பு ஒன்றே நகர வரைபடங்களில் கறுப்பர் வாழும் தெருக்களுக்குச் சிவப்பு மை தீட்டிற்று. இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று முத்திரை குத்திற்று. ஊர் வேறு, சேரி வேறு என்று கண்ட நமக்கு இதை விளக்க வேண்டுமா? அன்று சிவப்பு மை பட்ட பகுதிகளிலேதான் 80 ஆண்டுகளுக்குப் பிறகும் துப்பாக்கித் தாக்குதல் மிகுதி என்று, பிலடெல்பியாவை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வீடும் கடனும் வேலையும் மறுக்கப்பட்ட தெருவிலே, துப்பாக்கி மட்டும் தடையின்றி வந்து சேர்ந்தது!

இவற்றை எல்லாம் அளந்து பார்ப்போம் என்றனர் ஆய்வாளர். என்ன நடந்தது? 1996-இல், நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி கொண்டுவந்த திருத்தம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு தேடப் பணம் செலவிடக்கூடாது என்று நோய்த்தடுப்பு நிறுவனத்துக்கு விதித்தது. துப்பாக்கி ஆய்வுக்குச் செலவான 26 லட்சம் டாலரும் வெட்டப்பட்டது. அஞ்சிய நிறுவனம் ஆய்வையே கைவிட்டது. 2012-இல் அந்த டிக்கியே மனம் மாறி, ஆய்வு தேவை என்று எழுதினார். நிதிக் கதவு மீண்டும் திறந்ததோ 2019 இறுதியில்! உண்மை தன் பக்கம் என்று நம்புகிறவன், தராசை ஒளித்து வைப்பானா?

தோழர்களே! மனிதன்தான் காரணம் என்று எவரேனும் உங்களிடம் வாதிட்டால், ஆம் என்று ஒப்புங்கள். ஒப்பிவிட்டு, அந்த மனிதனின் வறுமையையும் இழிவையும் போக்க நீங்கள் செய்தது என்ன என்று கேளுங்கள். சினத்தில் இருக்கும் அவன் கைக்குத் துப்பாக்கியை எட்டவைத்தது ஏன் என்றும் கேளுங்கள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது நம் முதுமொழி. அணைப்பதற்கு, அடிபட்டவன் உயிரோடு இருக்கவேண்டுமே!