களக்குறிப்புகள் எங்கே போகின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணாக்கர்களைக் கொண்டு அவரவர் கிராமங்களின் நிலவரத்தை எழுதுவித்து 1918-ல் நூலாக்கினார். அதனை ஆதாரமாகக் கொண்டே பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அக்கிராமங்களை மறுபடி ஆராய்ந்து 1940-ல் வெளியிட்டனர். எங்களுக்கு அண்மையிலுள்ள உசிலம்பட்டி வட்டாரத்திலும் பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் தங்கி ஆராய்ந்து, 1957-ல் பெருநூல் ஒன்றை இயற்றினார்.

இன்றோ, பெரியாறு கால்வாய்ப் பாசனம் குறித்தும் கூலி குறித்தும் எங்கள் முதியவர்களிடம் மணிக்கணக்கில் கேட்டுப் பதிவு செய்துகொண்டு போகிற ஆராய்ச்சி மாணவர்களின் ஒலிப்பதிவுகளும் குறிப்பேடுகளும், பட்டம் கிடைத்த மறுதினமே பரணுக்குப் போய்விடுகின்றன. அடுத்து வருபவர் அதே கிழவியிடம் அதே வினாக்களை முதலிலிருந்து தொடங்குகிறார். (சமூகவியலறிஞர் எம். என். சீனிவாஸின் கிராம ஆய்வுக் குறிப்புகள் 1970-ல் தீக்கிரையானது துரதிருஷ்டம்; நம்முடையவை அலட்சியத்தால் அழிகின்றன.)

ஒருவரை நம்பிச் சொன்ன வார்த்தையை மற்றொருவர் எடுத்தாளலாமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. சாதியும் நிலத்தகராறும் கலந்த பேச்சில், பெயரை நீக்கினாலும் சிற்றூரில் ஆள் தெரிந்துவிடும். ஆகையால் பேட்டியின்போதே பிற்கால உபயோகத்துக்கும் சம்மதம் கேட்டு, பேசிய சந்தர்ப்பத்தையும் குறித்து, வேண்டியவற்றைச் சில காலம் பூட்டிவைக்கும் நிபந்தனையோடு, ஆய்வேட்டுடன் மூலக்குறிப்புகளையும் நூலகத்தில் ஒப்படைக்கும் விதியை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் முதலில் ஏற்படுத்தலாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
வாடிப்பட்டி.