மலைமேல் ஓர் இரண்டாவது ஏடு

வத்தல்மலைக்குப் பாதை வந்துவிட்டது. 2021 செப்டம்பரில் முதலமைச்சரே மலையேறிச் சென்று, அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் குறைகளைக் கேட்டறிந்தார். காப்பியும் மிளகும் தலைச்சுமையாக இறங்கிய காலம் மலையேறிற்று. மகிழ்கிறோம். ஆயினும் ஒன்று கேட்கிறோம்: அப்பாதை வழியே இறங்கும் சரக்குக்கும், ஏறிவரும் பணத்துக்கும் கணக்கெழுதும் கை யாருடைய கை?

ஓர் எடுத்துக்காட்டு. ஆடி மாதம், வீட்டில் பணமுடை. வியாபாரி 10,000 ரூபாய் நீட்டுகிறார். "வட்டியே வேண்டாம், தையில் காப்பியைக் கொடுத்தால் போதும். அன்றைய விலையில் கிலோவுக்கு 15 ரூபாய் மட்டும் குறைத்துக்கொள்கிறேன்" என்கிறார். தையில் 200 கிலோ போகிறது. விவசாயி இழந்தது 3,000 ரூபாய். ஆறு திங்களுக்கு இது என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு 60 வட்டி! வட்டி என்ற சொல் மட்டுந்தான் அங்கே இல்லை. களையெடுத்த மனைவியின் உழைப்பும், பழம் பறித்த மகனின் உழைப்பும் எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவற்றுக்கும் கூலி எழுதிப் பாருங்கள். இலாபம் என்று எண்ணி மடியில் முடிந்தது கூலியில் ஒரு துண்டுதான் என்பது தெரியும்.

வியாபாரிகள் அனைவரும் கொடியவர் என்பது நம் வாதமன்று. வங்கி கைவிரித்த நாளில் பணம் தந்தவர் அவரே. நாம் குறைகூறுவது ஒற்றை ஏட்டை. ஒருவருக்குப் பற்று என்றால் மற்றவருக்கு வரவு என்பது கணக்கின் அரிச்சுவடி. அந்த மற்றவரிடம் ஏடே இல்லையென்றால்?

சட்டம் இதை அறியாததன்று. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 16ஆவது பிரிவில், கிராமத்து வட்டிக்கடைக்காரரையே எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது. ஏற்கெனவே கடன்பட்டவனிடம் மனச்சான்றுக்கு ஒவ்வாத நிபந்தனையில் புதுக்கடன் எழுதி வாங்கினால், தகாத செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே! எழுதியது வெள்ளைக்காரன் ஆட்சி. நம் ஆட்சிகள் அதை மலைமேல் எடுத்துச் சென்றனவா? கணக்கேட்டுப் பதிவு மட்டுமே எவரையும் கடன்காரராக்கப் போதாது என்றும் சாட்சியச் சட்டம் சொல்லிற்று. 2024 சூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை.

காப்பிக்குச் சொன்னது கூலிக்கும் பொருந்தும். முன்பணம் பெற்று வெளியூர்த் தோட்டத்துக்கும் செங்கற்சூளைக்கும் செல்பவன், தன் கூலி எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று எழுத்தில் காண்பதுண்டா? 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அத்தகைய கடனையே செல்லாததாக்கிற்று. அது கொத்தடிமைக் கடனன்று என்று மெய்ப்பிக்கும் சுமையையும் கடன் கொடுத்தவர் மீதே வைத்தது. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலை குறித்த வழக்கில், 1982இல் உச்சநீதிமன்றம் ஒருபடி மேலே சென்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை, அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. அத்தீர்ப்பின் பயனைப் பெற, கொடுத்த கூலி எவ்வளவு என்று காட்ட வேண்டுமே! துண்டுச் சீட்டும் இல்லாதவன் எதைக் காட்டுவான்?

எனவே அரசினரிடம் நாம் கேட்பது பெரிதன்று. மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக, வீட்டுக்கொரு கணக்கேடு, தமிழில், இலவசமாகத் தரப்பட வேண்டும். முன்பணம், எடை, விலை, கழிவு நான்கையும் வியாபாரியும் மேஸ்திரியும் தம் கையாலேயே அதில் எழுதி ஒப்பமிட வேண்டும். எழுத மறுப்பவருக்குச் சங்கமே மாற்றாக நின்று, ஆடியில் முன்பணம் தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று வத்தல்மலை வீடுகளில் இருக்கிறார்கள். அடுத்த பழம் பறிப்புக்கு முன் அந்த ஏடு அவர்கள் கைக்கு வந்து சேரட்டும்.