கேளாது காத்தல்

என் பழைய மாணவர் ஒருவர் பேச்சுத் தெளிவற்றவர். தந்தையார் மறைந்தபின், காணி பற்றிய வினாக்களுக்கெல்லாம் தமையனாரே விடையிறுத்தார். மாணவரை எவரும் வினவினாரில்லை. இத்தகையோர்க்கு நீதிமன்றம் தற்காலிகப் பாதுகாவலரை நியமித்தல் தகும். துணையின் தேவையை யான் மறுக்கேன். ஆயின், அத்துணை எத்தகையது?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, அத்தகைய ஏற்பாடு இயன்றளவு குறுகிய காலத்ததாய், நடுநிலையாளரின் மீளாய்வுக்கு உட்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்கிறது. இலங்கை அதனை 2016இல் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டே இயன்ற இந்தியச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, குறித்த முடிவுக்கும் குறித்த காலத்துக்கும் மட்டுமே பாதுகாவலரை அமைத்து, இருவரும் கூடி முடிவெடுக்கப் பணிக்கிறது.

நம் நீதிமன்றங்களும் உரியவரை முதலில் வினவுக. தெளிவற்ற சொல்லுக்கும் பொருளுண்டு. பொறுமையுடன் கேட்பார்க்கு அது விளங்கும். ஆசிரியனாகிய யான் இதனைக் கண்டறிந்தவன்.