பத்துப் பிரதி, ஒரே டிஸ்க்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் சிலதுக்கு வேறு பிரதியே இல்லை. 2000இல் போர் எங்கட சாவகச்சேரியைச் சிதைச்சபோது வீடுகளோட படங்களும் உறுதிகளும் போச்சு. அதனாலோ என்னவோ, எங்களுக்கு ஒரு ஃபைலை அழிக்கவும் மனம் வராது. லப்டொப்பில 'பேக்கப்', 'பேக்கப் புதுசு', 'பேக்கப் கடைசி' எண்டு நிறைஞ்சு கிடக்கு. ஆனா அந்த டிஸ்க் பழுதானால் எல்லாம் ஒண்டாப் போகும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறிடத்தில்: கணினித் துறையில் சொல்லுற விதி இது. புதுப் பிரதியைத் திறந்து பாருங்கோ. எல்லாம் சரியெண்டால் பழசைத் துணிஞ்சு அழியுங்கோ. ஊர்ச் சங்க மலர், பழைய சஞ்சிகை இருந்தால் 2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளத்துக்குக் குடுங்கோ. ஒரே இடத்தில் குவிச்சு வைச்சால் என்ன நடக்கும் எண்டு எங்களைவிட ஆருக்குத் தெரியும்?